சித்திரத்தின் வெள்ளோட்டம்

புதிதாகத் தேர் செய்து முடித்தால் அதைத் திருவிழாவன்றே வடம் பிடித்து இழுத்துவிடுவதில்லை. முதலில் வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்பார்கள். அச்சு தாங்குகிறதா, திருப்பத்தில் சக்கரம் சொன்னபடி கேட்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அன்று தேரில் துணி அலங்காரம் இராது. வாழையும் தோரணமும் இரா. தச்சனுடைய உளி பட்ட தடம் அப்படியே கண்ணுக்குத் தெரிகிற நாள் அது. ஐரோப்பியச் சித்திரக் கலையிலும் இப்படி ஒரு வெள்ளோட்டம் உண்டு. இந்த வாரம் அதைப் பற்றி நேயர்களுடன் பேச விரும்புகிறோம்.

ஏறக்குறைய 1600-ஆம் ஆண்டு தொடங்கி நூற்றைம்பது ஆண்டுக் காலம் ஐரோப்பாவில் ஓங்கி நின்ற கலைப் பாணிக்குப் 'பரோக்' என்று பெயர். இந்தப் பாணிச் சித்திரங்களில் எதுவும் சும்மா நிற்பதில்லை. தேவதூதர்கள் மேகத்தைப் பிளந்துகொண்டு இறங்குகிறார்கள்; குதிரைகள் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கின்றன; பட்டு வஸ்திரங்கள் காற்று இல்லாத அறையிலும் பறக்கின்றன. மாதா கோயில் விதானங்களுக்காகவும் அரண்மனைச் சுவர்களுக்காகவும் கஜக் கணக்கில் தீட்டிய படங்கள் இவை. ஒரே படத்தில் நாற்பது ஐம்பது உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டு நிற்கும். இவ்வளவு பெரிய காரியத்தை யாரும் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கிவிட முடியாது. ஆகையால் ஒரு முழ நீளப் பலகையில் முன்னதாகவே தைல வர்ணத்தால் ஒரு மாதிரி தீட்டிப் பார்த்தார்கள். இத்தாலியர் இதற்குப் 'பொஸ்ஸெத்தோ' என்று பெயர் வைத்தார்கள். படத்துக்கு உத்தரவு கொடுத்த பிரபுவிடம் காட்டிச் சம்மதம் பெறுவதற்காகக் கொஞ்சம் மெருகு கூட்டித் தீட்டியது 'மொதெல்லோ'. இவை இரண்டும் போக மூன்றாவதாக ஒரு வகை உண்டு. படத்தில் வரப்போகும் ஒரே ஒரு முகத்தை, அல்லது ஒரே ஒரு உடலை, உயிருள்ள ஓர் ஆளை எதிரே உட்கார வைத்துத் தனியாகத் தீட்டிப் பார்ப்பது. நம் மனத்தைப் பெரிதும் கவர்வது இந்த மூன்றாவது வகையே.

எல்லாச் சைத்ரிகர்களும் இந்த வழியில் போனவர்கள் அல்லர். பரோக் பாணிக்கு வழி திறந்தவர்களில் ஒருவரான கரவாஜியோவின் கையால் எழுதியது என்று நிச்சயமாகச் சொல்லத்தக்க தனி வரைவு ஒன்றுகூட இன்று இல்லை. அவர் நேரே துணியின்மேலேயே வேலையைத் தொடங்கினார். அடிப்பூச்சில் அவர் கீறிய கோடுகளைச் சில படங்களில் இன்றும் காணலாம். அதற்கு நேர் எதிரானவர் உர்பீனோ நகரத்துப் பரோச்சி. 1612-இல் காலமான இவர் ஒரு படம் தீட்டுவதற்கு முன் எண்ணற்ற முன்வரைவுகள் செய்தார். முக்கியமான தலைகளைக் காகிதத்தின்மேல் தைல வர்ணத்திலேயே எழுதிப் பார்த்தார். அவர் தீட்டிய அருளப்பரின் தலை ஒன்று வாஷிங்டன் தேசியச் சித்திர சாலையில் இருக்கிறது.

ஆயினும் இந்தத் துறைக்குத் தலைவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் பீட்டர் பால் ரூபன்ஸையே சொல்ல வேண்டும். 1577-இல் பிறந்து 1640-இல் மறைந்த இவர், எட்டு ஆண்டுகள் இத்தாலியில் கழித்துவிட்டு 1608-இல், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆண்ட்வெர்ப் நகரத்துக்குத் திரும்பினார். அதன் பிறகு அவருக்கு ஓய்வே இல்லை. அரசர்களுக்கிடையே சமாதானத் தூதுவராகவும் போய் வந்தார். அவருடைய படைப்புக்களில் ஐந்நூறுக்குச் சமீபமானவை இத்தகைய தைல வர்ண மாதிரிகள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுகிறார்கள். 2018-இல் மாட்ரிட் நகரத்துப் பிராடோ மியூசியம் இவற்றுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது.

பிற்காலத்தில் டென்மார்க் அரசரின் வைத்தியரான ஓட்டோ ஸ்பெர்லிங் என்பவர் 1621-இல், வாலிபராக இருந்தபோது, ரூபன்ஸின் வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர் கண்டதை எழுதி வைத்திருப்பது நம் அதிருஷ்டம். ரூபன்ஸ் படம் தீட்டிக்கொண்டிருந்தார்; பக்கத்தில் ஒருவர் ரோம சரித்திர ஆசிரியர் டாஸிட்டஸின் நூலை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்; ரூபன்ஸோ அதைக் கேட்டுக்கொண்டே ஒரு கடிதத்தையும் வாயால் சொல்லி எழுதுவித்துக்கொண்டிருந்தார். இடைஞ்சல் செய்யக் கூடாதென்று வந்தவர்கள் வாய் மூடி நின்றதும், அவரே அவர்களுடன் பேச்சும் கொடுக்க ஆரம்பித்துவிட்டாராம். நம் ஊர் அவதானிகள் கேட்டால் சபாஷ் போடுவார்கள். பிறகு வேலைக்காரன் அவர்களை ஒரு பெரிய கூடத்துக்கு அழைத்துச் சென்றான். அங்கே ஜன்னல்கள் இல்லை. கூரையில் இருந்த திறப்பின் வழியாக வெளிச்சம் விழுந்தது. இளஞ் சைத்ரிகர்கள் பலர் ஆளுக்கு ஒரு படத்தின் முன் உட்கார்ந்து தீட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படங்களில் ரூபன்ஸ் சுண்ணக் கட்டியால் உருவங்களை வரைந்து, அங்கங்கே வர்ணமும் தொட்டு வைத்திருந்தார். சிஷ்யர்கள் முடித்த பிறகு கடைசியாக அவர் கை வைப்பார். படம் 'ரூபன்ஸ்' ஆகிவிடும்.

கூடத்தில் அத்தனை பேரும் ஒரே மனத்தின் கருத்தைத் தீட்ட முடிந்தது எப்படி? அந்தச் சிறு பலகைகளால்தான். அவை பெரும்பாலும் ஓக் மரத்தால் ஆனவை. மரத்தின்மேல் சுண்ணத்தையும் வச்சிரத்தையும் குழைத்துப் பூசி, வழவழவென்று ஆகும் வரையில் தேய்ப்பார்கள். அதன்மேல் சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு நிறத்தை மிக மெல்லியதாகக் கரைத்து, அகலமான தூரிகையால் சரசரவென்று இழுத்துவிடுவார்கள். தூரிகை மயிர் போன வழியெல்லாம் கோடு கோடாகத் தெரியும். அதை மறைக்க ரூபன்ஸ் முயன்றதே இல்லை. நிழல் விழும் இடத்தைப் பழுப்பு வர்ணத்தால் மெலிதாகத் தடவுவார். வெளிச்சம் படும் நெற்றி, மூக்கு நுனி, தோள் முதலிய இடங்களில் ஈய வெள்ளை கலந்த வர்ணத்தைக் கெட்டியாக அப்புவார். இரண்டுக்கும் நடுவே உள்ள சாயலுக்கு அவர் ஒன்றும் செய்வதில்லை. முன்பே பூசிய அந்தக் கோடு போட்ட பழுப்பையே அப்படியே விட்டுவிடுவார். நாலு அடி தள்ளி நின்று பார்த்தால் கன்னம் உருண்டு நிற்கிறது. கிட்டே போனால் அந்தக் கன்னத்தில் பாதி இடத்தில் வர்ணமே இல்லை! இவ்வளவு துணிவு முடித்த படத்துக்கு ஆகாது. பணம் கொடுத்தவர் சும்மா இருக்க மாட்டார். யாருக்கும் விற்பதற்கல்ல என்று தீட்டியபோதுதான் கைக்கு இந்தச் சுதந்திரம் கிடைத்தது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களைத் திருத்துகிற நம்மைப் போன்றவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. சுத்தப் பிரதியில் விடை இருக்கும். பையன் எங்கே தயங்கினான், எங்கே பளிச்சென்று வழி கண்டான் என்பது கரட்டு நோட்டில் அல்லவா இருக்கிறது?

1620-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆண்ட்வெர்ப் நகரத்து இயேசு சபையார் தங்கள் புதிய கோயிலின் விதானத்துக்காக 39 படங்கள் வேண்டுமென்று ரூபன்ஸுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதன் ஷரத்துக்கள் படிக்கச் சுவையானவை. சிறு மாதிரிகள் அனைத்தையும் ரூபன்ஸ் தம் கையாலேயே தீட்ட வேண்டும். அவற்றைப் பார்த்துப் பெரிய படங்களை வான் டைக்கும் மற்றச் சிஷ்யர்களும் தீட்டலாம். பிறகு குறை உள்ள இடங்களை ரூபன்ஸ் தாமே சரிசெய்து கொடுக்க வேண்டும். இன்னும் ஒன்று: அந்த 39 மாதிரிகளையும் சபையாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் அவற்றுக்குப் பதிலாகப் பக்கப் பீடம் ஒன்றுக்கு வேறொரு படம் தீட்டித் தர வேண்டும். ரூபன்ஸ் மாதிரிகளைக் கொடுக்கவில்லை. ஒரு முழுப் படத்தின் உழைப்பை ஏற்றுக்கொண்டாலும் ஏற்றுக்கொள்வாரே தவிர, அந்தச் சிறு பலகைகளை விட்டுப் பிரிய அவருக்கு மனம் வரவில்லை.

அது எவ்வளவு நல்லதாயிற்று என்பது 98 ஆண்டுகளுக்குப் பிறகு தெரிந்தது. 1718-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் தேதி கோயிலின்மேல் இடி விழுந்து தீப் பிடித்தது. விதானப் படங்கள் 39-ம் சாம்பலாயின. இன்று அந்த விதானத்தை நாம் அறிவது, பிறர் முன்பு எடுத்து வைத்திருந்த நகல்களாலும், பல தேசத்து மியூசியங்களில் சிதறிக் கிடக்கிற ரூபன்ஸின் மாதிரிப் பலகைகளாலுமே. நம் நாட்டு ஸ்தபதி பஞ்சலோக விக்கிரகம் வார்க்கும்போது மெழுகு மாதிரி உருகி ஓடிவிடும், விக்கிரகம் நிற்கும். ஆண்ட்வெர்ப்பில் விக்கிரகம் போய்விட்டது, மெழுகு நின்றது.

இங்கே ஒரு நாணயப் பிரச்னையையும் பேசிவிட வேண்டும். சிஷ்யர் தீட்டியதைக் குரு தம் பெயரில் விற்பது முறையா என்று சிலர் கேட்கலாம். 1618-இல் ஹேக் நகரத்தில் ஆங்கிலத் தூதராக இருந்த டட்லி கார்ல்டனுக்கு ரூபன்ஸ் படங்கள் விற்க முன்வந்தபோது ஒரு பட்டியல் எழுதி அனுப்பினார். இன்ன படம் முழுவதும் என் கை வேலை; இன்னது சிஷ்யர் தீட்டி நான் திருத்தியது; இந்தப் பிரமீதியஸ் படத்தில் கழுகை மட்டும் ஸ்னைடர்ஸ் தீட்டினார் என்று ஒவ்வொன்றுக்கும் நேரே குறித்திருக்கிறார். வாங்குகிறவரிடம் இவ்வளவு வெளிப்படையாகப் பேசிய பிறகு குற்றம் சொல்ல நமக்கு வாய் எழவில்லை. பிரான்ஸ் தேசத்து ராணி மாதா மரீ த மெடிஸியின் அரண்மனைக்காக 1622-இல் 24 படங்களுக்கு ஒப்பந்தம் செய்தபோது, உருவங்களை எல்லாம் ரூபன்ஸே தம் கையால் தீட்ட வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதும் கவனிக்கத் தக்கது. மரத்தையும் மேகத்தையும் யார் வேண்டுமானாலும் தீட்டட்டும். மனிதனை மாத்திரம் மற்றவரிடம் விடக் கூடாது! 1636-இல் ஸ்பெயின் அரசரின் வேட்டை மாளிகைக்கு அறுபதுக்கு மேற்பட்ட படங்கள் கேட்டு உத்தரவு வந்தபோது ரூபன்ஸுக்கு வயது அறுபதை நெருங்கிவிட்டது. கீல்வாதத்தால் கை வேறு வருந்திக்கொண்டிருந்தது. அப்போதும் மாதிரிகளைத் தாமே தீட்டினார். பெரிய படங்களில் பெரும்பாலானவற்றை மற்றவர்களிடம் விட்டார்.

லண்டனில் வைட்ஹால் விருந்து மண்டபத்து விதானப் படங்களுக்காக அவர் தீட்டிய மாதிரி ஒன்று உண்டு. இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸ் தம் தகப்பனார் ஜேம்ஸ் சுவர்க்கம் புகுவதைத் தீட்டச் சொன்னார். ரூபன்ஸ் ஒரே பலகையில் பல காட்சிகளை, சிலவற்றைத் தலைகீழாகவும், எழுதிப் பார்த்திருக்கிறார். விதானம் 1636-இல் ஏறியது. 1649-இல் சார்லஸ் அதே மண்டபத்தின் வழியாக நடந்து கொலைமேடைக்குப் போனார். மாதிரிப் பலகையை 2008-இல் டேட் சித்திர சாலை 57 லட்சம் பவுனுக்கு வாங்கியது. இது நிற்க.

முன்பு சொன்ன மூன்றாவது வகைக்கு வருவோம். ரூபன்ஸ் இறந்தபின் அவர் வீட்டில் இருந்த பொருள்களுக்கு எடுத்த ஜாபிதாவில், அவரும் வான் டைக்கும் உயிருள்ள ஆட்களைப் பார்த்துத் தீட்டிய முகங்கள் ஒரு கும்பலாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. அது அவர்களுடைய முதல். வீதியிலோ துறைமுகத்திலோ கண்ட ஒரு கிழவரை அழைத்து வந்து உட்கார வைப்பார்கள். தாடியும் சுருக்கமும் உள்ள முகத்தைப் பக்கவாட்டில் ஒருமுறை, குனிந்த நிலையில் ஒருமுறை, அண்ணாந்து பார்க்கும் நிலையில் ஒருமுறை தீட்டி வைத்துக்கொள்வார்கள். பிறகு அந்தக் கிழவரே ஒரு படத்தில் அப்போஸ்தலர் ஆவார். மற்றொன்றில் அரசர் ஆவார். வேறொன்றில் நதி தேவதையும் ஆவார். பெரிய படத்தில் அவருக்குக் கிரீடம் உண்டு, ஒளிவட்டம் உண்டு. மாதிரியில் அவர் அவராகவே இருக்கிறார். அன்றைக்கு எத்தனை காசு கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் போலும்.

வான் டைக் 1599-இல் பிறந்தவர். இருபது வயது நிரம்புவதற்கு முன்பே அவர் தீட்டிய ஒரு மாதிரியின் கதை சமீபத்தில் உலகத்துக்குத் தெரிந்தது. அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்துக் கிராமம் ஒன்றில், பண்ணைக் கொட்டகையில் கிடந்த படம் அது. பின்பக்கம் முழுவதும் பறவை எச்சம். 2002-இல் அதை ஒருவர் ஏலத்தில் 600 டாலருக்கு எடுத்தார். ஆராய்ந்து பார்த்ததில், ராட்டர்டாம் பாய்மன்ஸ் மியூசியத்தைச் சேர்ந்த 'ஜெரோம் முனிவரும் தேவதூதரும்' என்ற வான் டைக்கின் படத்துக்கு இது முன்னோடி என்று தெளிந்தது. 2023 ஜனவரியில் அது 31 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. விலையைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிய அளவுக்கு அந்த உருவத்தைப் பற்றி எழுதவில்லை என்பது நம்முடைய குறை. ஒரு கிழவர் ஆடையின்றி முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தோல் தளர்ந்து வயிற்றில் மடிந்திருக்கிறது. அது தவசியின் மெலிவு அல்ல, வயோதிகம். பதினெட்டு வயதுப் பையன் முதுமையை இவ்வளவு கூசாமல், இவ்வளவு மரியாதையுடன் பார்த்திருக்கிறானே என்று நமக்குத் தோன்றுகிறது. பெரிய படத்தில் முனிவருக்குச் சிவப்பு வஸ்திரமும் தேவதூதரின் துணையும் கிடைத்துவிடுகின்றன, கிழவர் மறைந்துவிடுகிறார்.

தீயும் போரும் இந்தக் கலைக்குச் செய்த விபரீத உபகாரத்துக்கு மற்றோர் உதாரணம் சொல்லலாம். பிரஸ்ஸல்ஸ் நகரத்து நீதிபதிகளை எல்லாம் சேர்த்து வான் டைக் 1634-35-இல் ஒரு பெரிய படம் தீட்டினார். 1695-இல் பிரெஞ்சுப் படைகள் நகரத்தின்மேல் குண்டு வீசியபோது அது அழிந்தது. எஞ்சியவை சில தலைகளின் மாதிரிகள். இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் பழம்பொருள் கடையில் 400 பவுன் கொடுத்து வாங்கி மாட்டியிருந்த படத்தில் இப்படிப்பட்ட தலை ஒன்று ஒளிந்திருந்ததை 2013-இல் கண்டுபிடித்தார்கள். பிற்காலத்தில் யாரோ மாதிரியை 'முடிக்காத படம்' என்று எண்ணி, பரிதாபப்பட்டு, மேலே வர்ணம் பூசிப் பூர்த்தி செய்திருந்தார்கள்! அதைச் சுரண்டி எடுத்த பிறகே வான் டைக்கின் கை தெரிந்தது. குறையாக இருப்பதைக் காணச் சகியாதவர்கள் எல்லாத் தேசங்களிலும் இருக்கிறார்கள்.

கடைசியாக, பிரஸ்ஸல்ஸ் ராயல் மியூசியத்தில் உள்ள ஒரு மாதிரி. ரூபன்ஸ் அதை ஏறக்குறைய 1615-ஐ ஒட்டித் தீட்டினார். வான் டைக்கின் வேலை என்று வாதித்தவர்களும் உண்டு. ஒரே ஆப்பிரிக்க மனிதரின் தலை அதில் நான்கு முறை இருக்கிறது. குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ராஜாக்களில் ஒருவரைக் கறுப்பராகத் தீட்டுவது அக்காலத்து வழக்கம். அத்தகைய படங்களுக்காகத்தான் இப்படிப்பட்ட தலைகள் வேண்டியிருந்தன. ஆனால் இந்தப் பலகையில் ராஜாவும் இல்லை, தலைப்பாகையும் இல்லை. ஒரு முகத்தில் சிரிப்பு விரிகிறது. மற்றொன்று எதையோ யோசிக்கிறது. இந்த மனிதரை ரூபன்ஸ் வேடிக்கைப் பொருளாகப் பார்க்கவில்லை. நெற்றியில் வெளிச்சம் நீலமாகவும் கன்னத்தில் செம்பழுப்பாகவும் மாறுவதைத் தொடர்ந்துகொண்டே போயிருக்கிறார். ஒரு முறை பார்த்தது போதாமல் நான்கு முறை பார்த்திருக்கிறார். தம் வீட்டுக்கு வந்த பிரபுக்களின் முகங்களில் அவர் இவ்வளவு உற்சாகம் காட்டியது அபூர்வம். அந்த மனிதரின் பெயரை மாத்திரம் யாரும் எழுதி வைக்கவில்லை.

1950-க்களில் பெல்ஜிய தேசம் 500 பிராங்க் நோட்டு ஒன்று வெளியிட்டது. அதன் ஒரு புறத்தில் அச்சிட்டிருந்தது இந்த நான்கு தலைகளைத்தான். மறுபுறத்தில் இருந்தவர் அரசர் இரண்டாம் லியோபோல்டு. 1885 முதல் 1908 வரையில் காங்கோ நாட்டைத் தம் சொந்தச் சொத்தாக வைத்துக்கொண்டு, ரப்பருக்காக அந்நாட்டு மக்களைக் கொன்று குவித்த ஆட்சிக்குத் தலைவர். நோட்டுப் புழக்கத்தில் இருந்த காலத்தில் காங்கோவும் இன்னும் பெல்ஜியத்தின் கையில்தான் இருந்தது. 1960-இல்தான் விடுதலை பெற்றது. காகிதத்தின் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று அச்சகத்தார் முடிவு செய்திருந்தார்கள். நோட்டைக் கையில் வாங்கியவர்கள் திருப்பியும் பார்த்திருப்பார்கள்.